பழசைப் புதுசு என்று எழுதிக் கொடுத்தவர்

சுங்க இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். பேச்சுவாக்கில் அவர்களில் ஒருவர், "உங்க காலத்துல கம்ப்யூட்டர் இல்லை, சரக்கை வகை பிரிக்கிற எட்டு இலக்க நம்பர் இல்லை. ஒரு ஸ்பார்க் பிளக் வந்தா அதை எந்த வகையில போடுறதுன்னு எப்படி சார் முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஒரு காபி குடிக்கிற நேரத்தில் சொல்ல முடிந்ததைச் சொல்லி அனுப்பினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நடுநடுவே பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடித்துக்கொள்ளும்படி வேலை பார்த்தவன்தான்.

எனக்குச் சொந்த ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து நாற்காலி சூடாவதற்குள் 1948 வந்தது. சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. எங்களை ஆளுக்கொரு திசையில் பிரித்துவிட்டார்கள். நான் பரீட்சை எழுதி மத்திய கலால் இலாகாவுக்குப் போனேன். கொஞ்ச காலம் புகையிலைக் கிடங்குகளில் தும்மிக்கொண்டே எடை பார்த்தேன். அந்தக் காலத்தில் சின்னத் துறைமுகங்களின் சுங்க வேலையும் எங்கள் இலாகாவிடமே இருந்தது. அப்படித்தான் என்னை அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊருக்கு மாற்றினார்கள். இன்றைக்கு அது புதுக்கோட்டை மாவட்டம். அப்போது தஞ்சாவூர் ஜில்லா. ஊர்ப் பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கே நல்லபடியாக இருக்கிறார்கள்.

எங்கள் ஆபீசை ஊர்க்காரர்கள் சவுக்கை என்பார்கள். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு கொட்டகை, கொட்டகைக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். சிலோனிலிருந்து தோணிகள் வரும். இங்கிருந்து வெங்காயமும் மிளகாயும் கருவாடும் போகும். அங்கிருந்து கொப்பரையும் பாக்கும் வரும். கூடவே, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், மோட்டார் சாமானும் வரும்.

அது ஏன் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் புரியும். யுத்தம் முடிந்து பஸ்ஸும் லாரியும் பெருகிவிட்டன, அவற்றுக்கு வேண்டிய சாமான் இங்கே கிடைக்கவில்லை. வெளியிலிருந்து கொண்டுவர லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்தாலும் மோட்டார் பாகங்களுக்குத் தீர்வை, அதாவது சுங்க வரி, கடுமை. எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி உண்டாக்குகிற சாமான்கள், அதாவது பிளக், காயில், கண்டன்சர், மேக்னெட்டோ எல்லாம் கைக்குள் அடங்குகிற அளவு. விலையோ யானை விலை. கடத்துகிறவனுக்கு இதைவிட வசதியான சரக்கு ஏது? தலையணைப் பஞ்சுக்குள் பிளக் வரும். கொப்பரை மூட்டைக்குள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வரும். ஒரு தடவை பாட்டில் ஊறுகாய்க்குள்ளேயே வந்தது, நல்ல எலுமிச்சங்காய் ஊறுகாய், அதையும் சேர்த்துப் பறிமுதல் செய்ய வேண்டியதாகிவிட்டது.

இந்தச் சாமான்களை எனக்கு யாரும் பாடம் நடத்திக் கற்றுத் தரவில்லை. லீவு நாள் வந்தால் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஃபிட்டர்கள் கழற்றிப் போடுவதைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். டீ வாங்கிக் கொடுத்துச் சந்தேகம் கேட்பேன். "ஷெட்டுக்கே பாயி தலகாணிய எடுத்துட்டுப் போயிருங்க" என்று என் மனைவி சொல்லுகிற அளவுக்குப் போனது. இரண்டு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே இது ஆறு வோல்ட் வண்டிக் காயிலா, பன்னிரண்டு வோல்ட்டா என்று சொல்லுவேன். சுற்று வட்டாரத்தில் எந்தச் சவுக்கையிலும் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது.

எங்கள் சூப்பிரண்டுக்குத் தேவசகாயம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் நாலைந்து சவுக்கைகள் அவர் பொறுப்பில் இருந்தன. வாரம் ஒரு நாள் ஜீப்பில் எங்களிடம் வருவார். ஒல்லியான மனிதர். மணலில்கூட பாலிஷ் போட்ட ஷூவோடுதான் நடப்பார். பியூன், தோணிக்காரன், பிடிபட்ட கடத்தல்காரன், எல்லோருமே அவருக்கு 'மிஸ்டர்'தான். நான் மிஸ்டர் ரெங்கசாமி. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருந்தார் என்றால் அறையில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது.

அவர் வைத்திருந்த நடைமுறை ஒன்று வேறெங்கும் கிடையாது. மற்ற ஆபீஸ்களில் சரக்கின் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த காகிதத்தை முதலில் படிப்பார்கள், பிறகு பெட்டியைத் திறந்து காகிதத்தில் உள்ளது பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவரிடம் தலைகீழ். காகிதத்தை மேசையில் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு சங்கை வைத்துவிடுவார். முதலில் பெட்டியைத் திறக்க வேண்டும். சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து, அது என்ன, எதற்கு ஆகும், புதுசா பழசா என்று நாமாகப் பென்சிலில் எழுத வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே காகிதத்தைத் திருப்பலாம். "காகிதத்தை முதல்ல படிச்சா, கண்ணு அதுல எழுதியிருக்கிறதைத்தான் பார்க்கும் மிஸ்டர் ரெங்கசாமி" என்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலை இரட்டிப்பு. பிறகு அதுவே எனக்குப் பழகி, அவர் வராத நாளிலும் அப்படியே செய்ய ஆரம்பித்தேன்.

சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. மோட்டார் பாகமாக இருந்தாலும், அது சாதாரணமாக வேறு காரியத்துக்கும் பயன்படுகிற பொருள் என்றால் அதற்கு மோட்டார் தீர்வை கிடையாது. ஒரு வியாபாரி லைசென்ஸோடு ஒரு பெட்டி பிளக் கொண்டுவந்தார். கிணற்று எஞ்சினுக்கு என்று அவர் சொன்னார். பிளக்கென்றால் மோட்டாருக்குத்தானே என்று பக்கத்துச் சவுக்கையில் எல்லோரும் சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. "'சாதாரணமா'ன்னு சட்டம் சொல்லுது. இந்த அறைக்குள்ள உட்கார்ந்துகிட்டு எது சாதாரணம்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பிளக்கை என் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அரிமளம் பக்கம் கிணறு கிணறாகப் போனேன். ஒரு தோட்டத்தில் ஒரு அம்மாள் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பிளக்கைக் காட்டி, இது என்ன தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமே என்ன? கெணத்து எஞ்சின் மண்டையில திருகுறது. மண்ணெண்ண நல்லா இல்லேன்னா கரி புடிச்சிக்கிரும்" என்றார்.

"லாரிக்கும் இதைத்தான் போடுறாங்க" என்றேன்.

அவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லாரிக்குமா? அவுகளுக்கு எதுக்கு இது?"

இதைவிட நல்ல சாட்சி எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கைநாட்டு வாங்கி வந்தேன். தேவசகாயம் படித்துவிட்டு இரண்டாவது தடவையும் படித்தார். வியாபாரிக்குக் குறைந்த எஞ்சின் தீர்வைதான் போட்டோம். மேலிடத்தில் கேள்வி கேட்டார்கள். அந்த அம்மாள் சொன்ன பதிலைத்தான் அனுப்பினோம். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் சொல்ல வந்தது கபூர் பாயின் பெட்டியைப் பற்றி.

கபூர், பக்கத்து ஊர்க்காரர். கலியாணமான மறு வருஷமே கொழும்புக்குப் போனவர், தலை நரைத்தபின் ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். அவர் ரயிலிலும் கப்பலிலுமாக முன்னால் வந்துவிட, அவருடைய பெட்டி பின்னால் தோணியில் எங்கள் சவுக்கைக்கு வந்தது. பெட்டியை எடுத்துப்போக அவரும் அவர் மனைவியின் அண்ணன் சுல்தானும் வந்திருந்தார்கள். சுல்தான் நல்ல உடம்பு, உரத்த குரல். வெளியே ஒற்றை மாட்டு வண்டி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். "மச்சான் மோட்டார் சாமான் கடை வைக்கப் போறாப்ல. அறந்தாங்கி கடைத்தெருவுல எடம் புடிச்சிட்டேன்" என்று கொட்டகையில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கபூர் புதுச் சட்டை, புது லுங்கி, புதுக் குடையோடு பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தேவசகாயம் வருகிற நாள். வந்தார், ஆனால் ஜீப் ஊருக்குள் நுழையும்போதே இருமி இருமிச் சவுக்கை வாசலில் நின்றுவிட்டது. டிரைவர் பெருமாள் பானெட்டைத் திறந்து வைத்து முழித்துக்கொண்டிருந்தார். சூப்பிரண்டு அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே வந்து, கபூரின் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கை வைத்தார். "பெட்டியைத் திறங்க" என்றார்.

திறந்தேன். மரப்பெட்டி, புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்தது. உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி அட்டைப் பெட்டியில், மெல்லிய காகிதத்தில் சுற்றி, கலியாணச் சீர் மாதிரி அடுக்கியிருந்தது. காயில், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, மோட்டார் சைக்கிள் மேக்னெட்டோ ஒன்று, பல அளவில் பிளக்குகள். எல்லாம் பளபளவென்று மின்னின. பார்த்த மாத்திரத்தில் யாரும் புதுச் சரக்கு என்றுதான் சொல்லுவார்கள். பியூன் சொல்லியே விட்டான்.

நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். முதலில் கண்ணில் பட்டது, எதுவுமே ஜோடியாக இல்லை. விற்கக் கொண்டுவருகிறவன் நன்றாக ஓடுகிற சாமானில் ஒரு டஜன் கொண்டுவருவான். இவர் ஒவ்வொரு வகையிலும் ஒன்றே ஒன்று வைத்திருந்தார். அடுத்து, காயிலின் முனையைத் தடவிப் பார்த்தேன். வெள்ளிப் பெயின்ட்டுக்கு அடியில் ஈயம் வைத்துப் பற்றவைத்த மேடு தட்டுப்பட்டது. யாரோ ஒரு கம்பியை நிரந்தரமாகப் பற்றவைத்திருந்து, இப்போது வெட்டி எடுத்திருக்கிறார்கள். கடைசியாகப் பிளக்குகள். எஞ்சினில் திருகுகிற மரை தேய்ந்திருந்தது. எஞ்சினிலேயே கிடக்கிற பிளக்கில் மரையில் கரி பிடிக்கும், தேயாது. தினம் மாட்டி, தினம் கழற்றுகிற பிளக்கில்தான் மரை தேயும். அப்படி தினம் மாட்டிக் கழற்றுகிறவர் யார்? ஷெட்டில் பார்த்திருக்கிறேன். நல்ல மெக்கானிக் ஒவ்வொருவரிடமும் நிச்சயமாக வேலை செய்கிற சாமான் ஒரு செட் இருக்கும். வண்டி நின்றால் அதிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார். எதை மாட்டியதும் ஓடுகிறதோ, அங்கேதான் கோளாறு. சோதிக்கிற சாமான், விற்கிற சாமான் இல்லை.

பென்சிலில் எழுதினேன்: பழையவை. மேலே பெயின்ட் அடித்துப் புதுசாக்கியவை. வகைக்கு ஒன்று. பலமுறை மாட்டிக் கழற்றியவை. மெக்கானிக்கின் தொழில் கருவி என்று கருதுகிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நிரந்தரமாகத் திரும்புகிறவர் தம் தொழில் கருவியைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம், லைசென்ஸும் வேண்டாம். சுலபமான கேஸ் என்று நினைத்தேன்.

தேவசகாயம் சங்கை எடுத்துக் காகிதத்தைத் திருப்பினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

காகிதத்தில் எழுதியிருந்தது: புத்தம் புதிய மோட்டார் உதிரிச் சாமான்கள், கடை வைத்து விற்பதற்கு. கீழே கபூரின் கையெழுத்து.

புதுசைப் பழசு என்று எழுதிக் கொடுத்தவர்களைப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. பழசைப் புதுசு என்று எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் என் சர்வீசிலேயே இவர் ஒருவர்தான். அவர் எழுதிக் கொடுத்தபடி பார்த்தால் லைசென்ஸ் இல்லாத புது மோட்டார் சரக்கு. பெட்டியோடு பறிமுதல், மேலே அபராதம்.

"உங்க பென்சில் பழசுங்குது. சொந்தக்காரர் பேனா புதுசுங்குது. நாளைக்கு மேலிடத்துல எதை நம்புவாங்க?" என்று கேட்டார் சூப்பிரண்டு.

கபூரை உள்ளே கூப்பிட்டோம். சுல்தானும் கூடவே வந்து நின்றுகொண்டார். "மிஸ்டர் கபூர், இதெல்லாம் புதுசா, நீங்க உபயோகிச்சதா?" என்று தேவசகாயம் கேட்டார்.

கபூர் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "புதுசுதான் சார்" என்றார்.

"கொழும்பு சாமான் சார்! பாத்தாலே தெரியலயா?" என்று சுல்தான் குரல் கொடுத்தார். பாவம், மச்சானுக்கு உதவி செய்வதாக அவருக்கு நினைப்பு.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் கபூரைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனேன். "பாய், அதெல்லாம் உங்க கைச் சாமான். எனக்குத் தெரியும். பழசுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா இப்பவே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிரலாம். சொல்லலேன்னா பெட்டி திரும்பாது. ஏன் இப்படி எழுதிக் குடுத்தீங்க?" என்றேன்.

அவர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"எம் பொண்டாட்டி புள்ளைகள இத்தன வருசமா வச்சுக் காப்பாத்துனவுக அந்த மச்சான்தான் சார். நான் அனுப்புனது பத்தாது. அவுக ஒரு நாள் கேட்டதில்ல. மொதலாளிகிட்ட பங்கு இருக்கு, ஏவாரம் நடக்குதுன்னு எழுதிக்கிட்டே இருந்துட்டேன். கடைசில கடை வைக்க வாரேன்னு எழுதுனேன். அவுக கடைக்கு எடமும் புடிச்சிட்டாக. இப்பப் போயி, நான் இன்னமும் கைல கிரீசு ஒட்டிக்கிட்டு நிக்கிறவன்தான், எல்லாம் பழசுன்னு எப்புடி சார் சொல்லுவேன்? பெட்டி போனா போகட்டும். கவருமெண்டு புடுங்கிருச்சுன்னு சொன்னா ஊரு நம்பும். எனக்கும் மரியாதையா இருக்கும்."

எனக்கு இது புதிதில்லை. எங்கள் பக்கத்தில் சிலோனிலிருந்து திரும்புகிற மனிதர் பழைய சாமானோடு ஊருக்குள் நுழையமாட்டார். டிரங்குப் பெட்டியில் கீறல் இருந்தால் வழியிலேயே பெயின்ட் அடித்துக்கொண்டு வருவார். அடியில் ஒட்டுப் போட்ட குடையைக் கடலில் வீசிவிட்டுப் புதுக்குடை வாங்கிப் பிடித்து வருவார். என் சொந்தப் பெரியப்பாவே செய்திருக்கிறார். ஆனால் பிழைப்புக்கு ஆதாரமான கருவியையே மினுக்கி, அதைத் தன் கையாலேயே பறிகொடுக்கிறவரை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபமும் வந்தது, மனசும் கஷ்டப்பட்டது. அந்தப் பெட்டி போனால் அவர் இந்த வயதில் யாரிடம் போய் வேலைக்கு நிற்பார்?

திரும்பி வந்து சூப்பிரண்டிடம் நடந்ததைச் சொன்னேன். "தனியா உங்ககிட்ட சொன்னது போதாது. எல்லார் முன்னாலயும் என்கிட்ட புதுசுன்னு சொல்லியிருக்கார். நான் அதை எழுதியாச்சு" என்றார். நியாயம்தான். மேசைக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன், ஜன்னலுக்கு வெளியே பெருமாள் ஜீப்பை உயிர்ப்பிக்க முயன்றுகொண்டிருந்தார். வண்டி இருமியது, நின்றது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த கபூரின் தலை மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மீசையைத் தடவிக்கொள்ளத் தோன்றுகிறது.

"சார், சாமானைக் கையில எடுத்துப் பார்க்காம வகை பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க. நான் என் கையில பார்த்தேன். அவர் கையில இதெல்லாம் என்னவா இருக்குன்னு இன்னும் பார்க்கலையே" என்றேன். ஜீப்பைக் காட்டினேன்.

தேவசகாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பார்க்கலாம். ஆனா நாம யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கக் கூடாது. என் டிரைவர் உட்பட" என்றார். வெளியே வந்து, "மிஸ்டர் கபூர், இந்த வண்டிக்கு என்ன கோளாறுன்னு பார்க்க முடியுமா? உங்க பெட்டியில இருக்கிறதை எடுத்துக்கலாம்" என்றார்.

கபூர் தயங்கினார். சுல்தான், "பாருங்க மச்சான், ஆபீசரே கேக்குறாக!" என்று தள்ளாத குறையாக அனுப்பினார்.

பானெட்டுக்குள் குனிந்ததும் மனிதர் மாறிவிட்டார். புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டார். "அடிச்சு விடுங்க" என்று பெருமாளை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி எஞ்சின் உடம்புக்குப் பக்கத்தில் பிடித்தார். பொறி விழுந்தது, மஞ்சளாக, சோகையாக. "ம்" என்றார். பெட்டியிலிருந்து தம் பிளக்கை எடுத்து வயரில் செருகிப் பார்த்தார், அதே மஞ்சள். பிளக் பெட்டிக்குத் திரும்பியது. காயிலை மாற்றிப் பார்த்தார், அதே மஞ்சள். காயிலும் துடைக்கப்பட்டுப் பெட்டிக்குத் திரும்பியது. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கட்டைவிரல் அளவு தகரக் குழாய் ஒன்றைக் கழற்றினார். அதுதான் கண்டன்சர். தம்முடையதை அந்த இடத்தில் வைத்து முடுக்கினார். "இப்ப அடிங்க."

நீலப் பொறி, படீரென்று சத்தத்தோடு. வயரை மாட்டியதும் ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. பெருமாள் கைகொட்டினார். கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். சுல்தானுக்கு முகமெல்லாம் பல்.

நானோ கபூரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கபூர் அந்தக் கண்டன்சரை வண்டியிலேயே விட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. கொடுக்கவோ விற்கவோ வைத்திருக்கும் சரக்கு என்று ஆகிவிடும். அதிகாரிக்குக் கையூட்டு என்றுகூட ஆகலாம். சுல்தான் அதைத்தான் சொன்னார்: "அப்படியே இருக்கட்டும் மச்சான்! ஆபீசர் வண்டி, நம்ம கடைச் சாமானோட ஓடட்டும்!"

தேவசகாயம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே, வெகு சாதாரணமாகக் கேட்டார். "மிஸ்டர் கபூர், இதுக்கு என்ன விலை?"

கபூர் அதற்குள் எஞ்சினை அணைத்துவிட்டு, திருப்புளியை எடுத்துக் கண்டன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "வெலையா? இது விக்கிறதில்ல சார். இது எங் கைச் சாமான். இதக் குடுத்துட்டா நாளைக்கு நிக்கிற வண்டிய எத வச்சுப் பாக்குறது? அறந்தாங்கில ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்க, மாட்டித் தாரேன்."

சொல்லி முடித்த பிறகே தாம் சொன்னது அவருக்கு உறைத்தது. கையில் கண்டன்சரோடு அப்படியே நின்றார். மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்க மிஸ்டர் ரெங்கசாமி" என்றார் தேவசகாயம், மிகவும் மெதுவாக.

சுல்தானின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "விக்கிறதில்லயா? அப்பக் கடை?" என்று கேட்டார்.

கபூருக்குக் கண் கலங்கிவிட்டது. "கடை இல்ல மச்சான். எல்லாம் பழசு. பெயிண்டு அடிச்சுக் கொண்டாந்தேன். நான் அங்கிட்டு மொதலாளியெல்லாம் இல்ல, மெக்கானிக்கு. இத வச்சுத்தான் ஏதோ அப்பப்ப அனுப்புனேன்" என்றார்.

சுல்தான் ஜீப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. நாங்கள் ஒரு மனிதரின் பெட்டியைக் காப்பாற்றப் போய் மானத்தை வாங்கிவிட்டோமோ என்று பட்டது.

உள்ளே போய் உத்தரவு எழுதினோம். எழுதியவர் சூப்பிரண்டு, வார்த்தைகளில் பாதி என்னுடையவை. சொந்தக்காரர் முதலில் எழுதிக் கொடுத்ததைவிட, அவர் சாமானை நடத்திய விதமே அது என்ன என்று காட்டுகிறது, விலை கேட்டும் கொடுக்காமல் கழற்றி எடுத்துக்கொண்ட பொருள் சரக்கு ஆகாது, கருவியே, தீர்வை இல்லை. இந்த உத்தரவு திருச்சிக்குப் பரிசீலனைக்குப் போய் ஒரு எழுத்து மாறாமல் நிலைத்தது. அறுபத்திரண்டில் புதிய சுங்கச் சட்டம் வந்த பிறகும், இந்த மாதிரிக் கேஸ் வந்தால் அந்த உத்தரவை எடுத்துப் பார்க்கச் சொல்லுவார்கள். பதவி உயர்வு நேர்காணலில் என்னை அதைப் பற்றித்தான் கேட்டார்கள், நானும் சளைக்காமல் சொன்னேன்.

கண்டன்சர் இல்லாமல் ஜீப் மணலிலேயே நின்றது. தேவசகாயம் ஷூவில் மணலைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார். நடையில் ஒரு துள்ளல் இருந்ததாக எனக்குப் பட்டது.

பெட்டியை மூடிக் கயிறு கட்டிக் கபூரிடம் ஒப்படைக்க வெளியே வந்தேன். சுல்தான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கபூர் அவரிடம் போகப் பயந்து, தூணோரம் நின்றார். சுல்தானே வந்தார்.

"இப்பச் செத்துக் கெடந்த வண்டிய எழுப்புனது இந்தச் சாமானுதானே?" என்று கேட்டார்.

"ஆமா மச்சான்."

"அறந்தாங்கிலேருந்து இங்கிட்டு வாரதுக்குள்ள வழில எத்தன லாரி நிக்கிது, பாத்தீகளா? கடைன்னா நானும் நீங்களும் ஒக்காந்து ஈ ஓட்டணும். பட்டறை போடுங்க. புடிச்ச எடம் அப்புடியேதான இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிரீசு கையோட வந்தாலும் எந்தங்கச்சி புருசன் இல்லேன்னு ஆயிருமா? என்னயப் போயி ஊருக்காரன் மாதிரி நெனச்சிட்டீகளே" என்றார்.

சுமைகூலி ஒருவன் பெட்டியைத் தூக்க வந்தான். சுல்தான் அவனைக் கையால் ஒதுக்கினார். தலைத் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, குனிந்து பெட்டியைத் தாமே தலையில் ஏற்றிக்கொண்டார். கொட்டகையில் ஊரே கூடி நின்றது. புதுச் சட்டையெல்லாம் கிரீசோடு கபூர் பின்னால் நடக்க, சுல்தான் முன்னால் போனார். அவருடைய குரல் கடற்கரை வரைக்கும் கேட்டது.

"தள்ளுங்கப்பா, தள்ளுங்க! மெக்கானிக்கு சாமான் வருது!"